கயிற்றுக்கு உள்ளே

குழாய்களின் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம் எடுத்துப் பார்ப்பது அவர் பிழைப்பு. வந்ததும் முதல் வேலை, சுற்றிலும் மஞ்சள் கயிறு கட்டி எல்லோரையும் விரட்டுவது. கனத்த பெட்டியிலிருந்து கதிரியக்கத் துண்டை வெளியே தள்ளும்போது பட்டறையில் ஈ காக்கை இருக்காது. அதனால் அவர் பெயரே 'கயிறு' ஆகிவிட்டது. கூட உட்கார்ந்து டீ குடிக்க ஆளில்லாத இப்படியொரு உத்தியோகம் வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை.

ஒரு முறை, அவர் சட்டையில் குத்தியிருக்கும், கதிரை அளக்கும் பேட்ஜில் எக்கச்சக்கமான கதிர்வீச்சு பதிவாகியிருப்பதாகத் தகவல் வந்தது. மேலதிகாரி வேலையை நிறுத்திவிட்டு, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். அவருக்கோ, ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் பேட்ஜோடு சட்டையைக் கழற்றி எங்கோ மாட்டிய ஞாபகம். குழாய் மேலேயா, கதவிலேயா? மண்டையைப் போட்டு உடைத்தும் பிடிபடவில்லை.

வீட்டில் கூட இருப்பது பிள்ளைத்தாய்ச்சி மகள் ஒருத்திதான். வெளியிலிருந்து பட்ட கதிர் உடம்பில் தங்காது, அடுத்தவருக்கு ஒட்டாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், தன் விஷயத்தில் புத்தியை அடகு வைத்துவிட்டார். தட்டும் தலையணையுமாகப் பின்னறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவரை உட்காரவைத்துச் சொன்னார்.

"கதிர் பட்டா செல்லுக்குள்ள டி.என்.ஏ. இழை அறுந்துபோகும். ஒரு இழை அறுந்தா, ஜோடி இழையைப் பாத்து செல்லே சரி பண்ணிடும். ரெண்டும் சேந்து அறுந்தாதான் வம்பு. அறுந்த முனைங்க சிலது இடம் மாறி ஒட்டிக்கும். டி.என்.ஏ. சுருண்டு உண்டாகுற குரோமோசோமுக்கு, இடுப்பு மாதிரி குறுகின இடம் ஒண்ணுதான் இருக்கணும். மாறி ஒட்டினதுல ரெண்டு இருக்கும். உங்க ரத்தத்துல தேடு தேடுன்னு தேடிட்டோம், அப்படி எதுவும் கண்ணுல படல. கதிரை வாங்குனது சட்டைதான், நீங்க இல்ல."

போன உயிர் திரும்பி வந்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தவர், பழக்கதோஷத்தில் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இனிமே நீ பயப்படாம கிட்ட வரலாம்."

"நான் எப்பப்பா பயந்தேன்?" மகளுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. "குழந்தை முதல் தடவையா உதைச்சப்ப, கை வச்சுப் பாருங்கன்னு உங்க கதவைத்தான் தட்டுனேன். தள்ளிப் போன்னு உள்ளேயிருந்து கத்துனீங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது. பட்டறையில் ஆட்களை விரட்டும் அதே குரலில்தான் கத்தியிருந்தார்.

"இப்ப உதைக்குதாம்மா?"

"தூங்குதுப்பா."

அவர் உள்ளே வந்து, அவள் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டே உட்கார்ந்துகொண்டார்.