பட்டுக்கடைக்கு ஒரு வெப்சைட்

டிசைன் வேலை செய்கிறேன் என்று சொன்னதும், "ஐடியாவெல்லாம் எங்கேயிருந்து வருது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கும்போதே ஒரு பதிலையும் கையில் வைத்திருப்பார்கள். கடல், மழை, கோயில் கோபுரம் என்று ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். புடவைக் கடையில் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது வந்தது என்று சொன்னால் யாரும் ரசிப்பதில்லை. எனக்கு உருப்படியாகத் தோன்றிய முதல் யோசனை அங்கேதான் தோன்றியது. இத்தனைக்கும் எனக்குப் புடவைக் கடை என்றாலே ஆகாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் இரண்டு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். முதலாளி சைதாப்பேட்டைக்காரர். அச்சகங்களுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்ய இந்த இடத்தைப் பிடித்தவர். நான் மயிலாப்பூரிலிருந்து தினமும் 12பி பஸ் பிடித்து வந்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை பிள்ளையாரையும் மாவிலைத் தோரணத்தையும் இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பேன். எல்லாருக்கும் ஒரே பிள்ளையார்தான். பெண் வீட்டார் கேட்டால் நடுவில், பிள்ளை வீட்டார் கேட்டால் கொஞ்சம் பெரிதாக. இரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளையாரைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வர ஆரம்பித்திருந்தது.

அந்த வருஷம் முதலாளி ஒரு மோடம் வாங்கினார். டெலிபோன் ஒயரைச் செருகி, அது கீச்சுக் கீச்சென்று கத்தி முடித்ததும், எங்கோ அமெரிக்காவில் யாரோ செய்த பக்கம் எங்கள் கம்ப்யூட்டரில் மெல்ல மெல்ல இறங்கியது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு எதிலும் புத்தி போகவில்லை. இனி செய்தால் இதைத்தான் செய்வது என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன். முதலாளி அவ்வளவு சுலபமாக மயங்குகிற ஆள் இல்லை. பனகல் பார்க் பக்கத்தில் ஒரு பட்டுக்கடைக்கு வெப்சைட் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதை வைத்து எனக்கு ஒரு நிபந்தனை விதித்தார்.

"இந்தக் கடைக்காரரு சரின்னு சொன்னா இத்தயே செய்வோம்மா. இல்லாங்காட்டி மோடத்த கயட்டி வெச்சுட்டு, நீ பாட்டுக்குப் பத்திரிகையப் பாத்துக்கினு இரு."

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்பா காலத்தில் மாம்பலத்துக்கு வந்து கடை வைத்த குடும்பம். மகளைக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் வெப்சைட், வெப்சைட் என்று நச்சரித்ததால் எங்களிடம் வந்தவர். வெப்சைட் என்றால் என்ன என்று அவருக்கும் தெரியாது. செய்து பழக்கமில்லாததால் எங்களுக்கும் பாதிதான் தெரியும். அந்த விஷயத்தில் நல்ல பொருத்தம்.

லஸ் முனை பிளாட்பாரத்தில் பழைய வெளிநாட்டு டிசைன் பத்திரிகைகள் கிடைக்கும். அவற்றைப் புரட்டிவிட்டு நான் செய்த முதல் டிசைன் ஒரே வெள்ளை. நடுவில் ஒரு புடவை, மூலையில் சின்ன எழுத்தில் கடைப் பெயர், மற்றதெல்லாம் வெற்றிடம். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினோம். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, இவ்வளவு இடம் சும்மா கிடக்கு? கடையில சரக்கு வரலன்னுல்லா நெனைப்பாங்க."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. முதலாளியோ அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று தலையாட்டினார். திரும்பி வந்ததும் இருக்கிற இடத்தையெல்லாம் நிரப்பினோம். சுற்றுகிற குத்துவிளக்கு, ஓடுகிற எழுத்து, மூலைக்கு மூலை மாங்காய் டிசைன். எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தின் தலையில், மகாலட்சுமி. கடைக்காரர் தன் வீட்டுப் பூஜை அறையிலிருந்து கொடுத்தனுப்பிய படம்.

அங்கேதான் பெரிய சிக்கல் வந்தது. கல்யாணப் பத்திரிகைத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமி படத்தில் கை வைக்கக் கூடாது. கிரீடம் வெட்டுப்படக் கூடாது, பாதம் வெட்டுப்படக் கூடாது, முகம் மங்கக் கூடாது. மற்றப் படங்களையெல்லாம் டெலிபோன் லைனில் சீக்கிரம் இறங்கும்படி இளைக்க வைத்தோம். மகாலட்சுமியை மட்டும் அச்சுக்கு ஸ்கேன் செய்கிற அதே கனத்தில் அப்படியே விட்டுவிட்டோம். "தாயாரப் போயி இளைக்க வெப்பாங்களா" என்பது முதலாளியின் கட்சி. எனக்கும் அதில் கை வைக்க மனசு வரவில்லை.

கடைக்காரர் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் பக்கம் திறந்தாக வேண்டும். அமெரிக்காவில் மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியுமோ அப்படித்தான் தானும் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்ததால், எங்கள் கம்ப்யூட்டரைக் கடை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய், கடையின் டெலிபோன் லைனிலேயே மோடத்தை மாட்டினோம். தம்பிமார், கணக்கர், பக்கத்து நகைக்கடை அண்ணாச்சி எல்லாரும் கூடிவிட்டார்கள். தேங்காய் உடைத்துச் சூடமும் காட்டியாயிற்று. லைன் கிடைக்கவே பத்து மணி தாண்டிவிட்டது. அப்புறம் மகாலட்சுமி வர ஆரம்பித்தாள். முதலில் கிரீடத்தின் நுனி. பிறகு கிரீடம். கிரீடம் முடியவே எல்லாருக்கும் காபி வந்து குடித்து டம்ளரும் திரும்பிப் போய்விட்டது. நெற்றி வந்தது. பொட்டு வந்தது. அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இடது புருவம் வரும்போது கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"ராகு காலம் வந்துட்டு. அணைச்சிருங்க."

கடைப் பெயர்கூட வரவில்லை. யாரும் சத்தம் போடவில்லை என்பதே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம், அதோடு சரி என்று கடைக்காரர் முதலாளியிடம் தன்மையாகச் சொல்லி அனுப்பினார். படிக்கட்டில் இறங்கும்போது முதலாளி என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் மாம்பலத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு யோசனை தேடிக் கிளம்பினேன். அடையாறில் புதிதாக வந்திருந்த ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கடைகளின் பக்கங்களைப் பார்த்தேன். எல்லாம் மறுபடி அதே வெள்ளை. சாயங்காலம் பட்டினப்பாக்கம் போய் மணலில் உட்கார்ந்தேன். படைப்பாளிகளுக்குக் கடலைப் பார்த்தால் ஏதோ ஊற்றெடுக்கும் என்கிறார்களே, பார்ப்போம் என்று. ஊற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணில் மணல் விழுந்ததுதான் மிச்சம். மீன் விற்கிற அம்மா ஒருத்தி, "இன்னா பாப்பா, மீன் வாங்க வந்தியா, காத்து வாங்க வந்தியா?" என்று கேட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போவதாக இருந்தது. எனக்குத் தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். அம்மாவிடம் எடுபடவில்லை. "கூறைப்புடவை வாங்கறச்சே ஆத்துல எல்லாரும் இருக்கணும்" என்றாள். பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாரும் சேர்ந்து படையாக டி. நகரில் இறங்கினோம். அது வேறு கடை. எங்கள் பட்டுக்கடையின் வாசலை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தேன்.

வெள்ளைத் துணி விரித்த மெத்தைக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்தோம். அரக்கில் ஒன்பது கஜம் சீக்கிரமே முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் நிச்சயதார்த்தத்துக்கு, வரவேற்புக்கு, நாத்தனாருக்கு, மாமியாருக்கு என்று கிளை பிரிந்தது. நான் சுவரோரமாகச் சாய்ந்து, கடியாரத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது. என் பிழைப்பே தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர்களுக்கு மயில்கழுத்தா ராமர் பச்சையா என்பது பிரச்சினையாக இருக்கிறது.

அப்போது அக்கா, எதிரே கண்ணாடி அலமாரியைக் காட்டி விற்பனையாளரிடம் சொன்னாள்.

"அந்த மூணாவது தட்டுல, மாம்பழக் கலருக்குக் கீழே இருக்கே, அதை எடுங்கோ."

நானும் பார்த்தேன். மாம்பழக் கலருக்குக் கீழே தெரிந்தது ஒரு விரல் அகலம் மடிப்பு. கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் துளி ஜரிகை. அவ்வளவுதான். அந்த விரல் அகலத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கேட்கிறாள். அத்தை அதற்கு மேலே இருப்பதைக் கேட்டாள். சித்தி கீழ்த் தட்டில் கோடியில் இருப்பதைக் கேட்டாள். அலமாரி முழுக்க நூற்றுக்கணக்கான புடவை. ஒன்றுகூட விரித்து வைத்திருக்கவில்லை. விரித்துக் காட்டாததால் யாரும் சரக்கில்லை என்று நினைக்கவில்லை. கேட்டதை மட்டும் எடுத்து, மெத்தைமேல் விசிறிப் போட்டார்கள். அது இறங்கி விரிகிறவரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள், தாமே கேட்டது என்பதால்.

சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெப்சைட்டில் படங்களை எதற்கு முழுசாகப் போட வேண்டும்? ஓரம் மட்டும் போட்டால் நொடியில் வந்துவிடுமே. மவுஸால் தொட்டால் அந்த ஒன்று மட்டும் விரியட்டுமே. சட்டென்று அண்ணாந்து பார்த்தேன். கல்லாப்பெட்டிக்கு மேலே மகாலட்சுமி இருந்தாள். கிரீடத்திலிருந்து பாதம்வரை முழுசாக, உள்ளங்கை அளவு படத்தில், சீரியல் பல்புக்கு நடுவே. அவ்வளவு சின்னதாக மாட்டியிருக்கிறார்களே என்று யாரும் குறைப்படவில்லை. வந்தவர்கள் எல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அதற்கு அப்புறம் எனக்கு அலுக்கவே இல்லை. "உனக்கு ஒண்ணு எடுத்துக்கோயேன்" என்று அம்மா சொன்னபோது, மறுக்காமல் தலையாட்டினேன். அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

திங்கள் காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தட்டுத் தட்டாக, நெருக்கமாக, விரல் அகலத்துக்கு மடிப்பு ஓரங்கள். மேலே ஒரு மூலையில் உள்ளங்கை அளவு மகாலட்சுமி, எங்கும் வெட்டுப்படாமல். விளக்கும் சுற்றவில்லை, எழுத்தும் ஓடவில்லை. முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இன்னாம்மா இது, வெறும் கோடு கோடா கீது?"

அலமாரி என்று சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போகும்போது, எதற்கும் புதன்கிழமைக்குள் அந்த மாம்பலத்துப் பத்திரிகையையும் முடித்து வைத்துவிடச் சொன்னார். நம்பிக்கை அந்த அளவில் இருந்தது.

வெள்ளிக்கிழமை கடையில் இந்தத் தடவை கூட்டமில்லை. அண்ணாச்சி வரவில்லை. கணக்கர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரரின் வீட்டம்மா மட்டும் கோயிலுக்குப் போகிற வழியில், பூக்கூடையோடு வந்து நின்றிருந்தார். கணவரைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர். கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவர் இல்லை. சீக்கிரம் முடித்தால் உச்சிகாலத்துக்குள் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மோடத்தை மாட்டினேன். டயல் செய்தேன்.

மகாலட்சுமி சட்டென்று வந்தாள், முழுசாக. கடைக்காரர் கைகூப்பினார். அடுத்து கடைப் பெயர். பிறகு அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று ஒன்றன் கீழ் ஒன்றாக ஓரங்கள் வந்து அடுக்காக நின்றன. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி என்னைப் பார்க்கவில்லை. யாராவது எதையாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

வீட்டம்மா பூக்கூடையை மேஜைமேல் வைத்தார். குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தக் கிளிப்பச்சைய எடும்மா."

தொட்டேன். புடவை மேலிருந்து மெதுவாக இறங்க ஆரம்பித்தது. உடல், புட்டா, பார்டர், முந்தி. நேரம் பிடித்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு, அது விரிகிறவரை பேசாமல் பார்த்தார். முடிந்ததும் தலையைச் சாய்த்து, அதற்குக் கீழே உள்ளதையும் எடுக்கச் சொன்னார். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழ் ஹாலைக் கையால் காட்டினார்.

"ஏ, எல்லாம் நம்ம சரக்குதான. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். இருந்தாலும் எடுத்துப் பாக்கணும்லா" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைக்காரர் முதலாளியின் பக்கம் திரும்பி, இதையே போட்டுவிடும்படியும், மாப்பிள்ளைக்கு இன்றைக்கே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். முதலாளி என்னென்னவோ பதில் சொன்னார். அது எதுவும் என் காதில் சரியாக ஏறவில்லை. சிரிப்புச் சிரிப்பாக வந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது கொஞ்ச நாட்கள்தான். வீட்டம்மாவுக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் விழவே இல்லை. மூன்றாவது தட்டில் விரலை வைத்தார்.

"இந்த வாடாமல்லி."

எடுத்துப் போட்டேன்.