கைநீட்ட வந்த ஐந்து பேர்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவின் ஒப்பரேசனை நாங்கள் இரண்டு தடவை தள்ளிப்போட்டோம். நாங்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்து, அம்மாவுக்குத் தடிமன், இருமல், வர முடியாது என்று சொன்னது நான்தான். வீட்டில் ஆங்கிலம் என் பொறுப்பு.

அம்மாவுக்குத் தடிமன் இல்லை, கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் இரத்தம் போகும். வெளிநாடு வந்து நாங்கள் குடியிருந்த பார்க்டேலில் எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவார். இனியும் பிந்தினால் ஆபத்து என்றும், ஒப்பரேசனில் இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். அந்த இரண்டாவதுதான் அம்மாவைப் பிடித்துக்கொண்டது. எயிட்ஸ் என்ற சொல் ரிவியில் தினமும் வந்த காலம் அது. அது இரத்தத்தால் தொற்றும் என்பதை அம்மா உடனே நம்பினார். இப்போது சோதித்துத்தான் ஏற்றுகிறார்கள் என்பதை மட்டும் நம்பவில்லை.

"ஆரின்ரையோ ரத்தத்தை ஏத்தி அந்த வருத்தத்தோட வாறதிலும் பார்க்க இப்பிடியே கிடக்கிறன்."

வழி கண்டுபிடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஊரில் ஒருவருக்கு இரத்தம் தேவையென்றால் சொந்தக்காரர்கள் போய்க் கைநீட்டுவார்கள். இங்கேயும் அதைச் செய்தால் போயிற்று. தன்னோடு உணவகத்தில் கோப்பை கழுவியவர்களில் அம்மாவின் இரத்த வகைக்காரர் நாலு பேரைப் பிடித்துவந்தார்.

"எல்லாம் எங்கட பெடியள், அக்கா. சிகரெட்டைத் தவிர ஒரு குறையும் இல்லை."

"உவன் நிக்கிற நிலையைப் பார். உவனுக்கே ரெண்டு போத்தல் ஏத்தவேணும் போல கிடக்கு" என்று மெலிந்த ஒருவனைக் காட்டினார் அப்பா.

மூன்றாம் தடவை ஒப்பரேசனுக்குக் குறித்த நாளன்று காலை மாமாவின் கட்டளைப்படி ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை சாப்பிட்டுவிட்டு, ஐந்து பேரும் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்பே வரிசையாக நின்றார்கள். குளிரிலும் சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தார்கள். கையெழுத்து வாங்கப் படிவத்தோடு வந்த தாதிக்கு நான் விஷயத்தை விளக்கினேன். அவர் அந்தக் கைகளைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பிறகு "நோ" என்று தலையாட்டி, என்னிடம் குனிந்து பொறுமையாகச் சொன்னார்: இங்கே அப்படி எடுக்க முடியாது, யாருடையது யாருக்கு என்று தெரிவு செய்வதில்லை, எல்லாம் சோதித்த இரத்தம், அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்.

"என்னவாம்?" என்றார் அம்மா. அவருடைய விரல்கள் கோட்டின் பொத்தானில் இருந்தன. உண்மையைச் சொன்னால் அதைப் பூட்டிக்கொண்டு எழும்பிவிடுவார். மூன்றாவது தடவையும் நான்தான் ரெலிபோன் எடுக்க வேண்டிவரும்.

"ஓமாம். மாமா ஆக்களின்ர ரத்தத்தைத்தான் ஏத்துவினமாம்."

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தாதியைப் பார்த்தார். "அப்ப சரி" என்று கையெழுத்து வைத்தார்.

அம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகும், பெயர் கூப்பிடுவார்கள் என்று ஐந்து பேரும் மத்தியானம் வரை காத்திருந்தார்கள். கடைசியில் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். மாமா சுருட்டிய கையை இறக்கிவிட்டு, "வாங்கோடா" என்று மற்றவர்களைக் கூட்டிப்போனார்.

அம்மாவுக்கு இரண்டு பை இரத்தம் ஏறியது. பிழைத்து வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஐந்து பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "எனக்காக வந்த பிள்ளையள்" என்று சொல்லிச் சொல்லிப் போடுவார். தந்த பிள்ளையள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை நான் கவனிக்கவில்லை. அவர்கள் தலையைக் குனிந்து சாப்பிடும்போது, நான் மட்டும் அம்மாவை ஏமாற்றிய பெருமையும் பயமுமாக நடுவில் இருப்பேன்.

இன்று என் மகளின் மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை மூன்று தரம் வாசித்துவிட்டும் திரும்ப வாசிக்கிறவள் நான். அந்தப் பொய்யிலிருந்து வந்த பழக்கம் அது. ஆனால் அதற்கு முன்பே மூன்று வருடமாகத் தான் வேலை செய்த தையல் தொழிற்சாலையில், லீவு கேட்ட போதெல்லாம் மேற்பார்வையாளர் தலையாட்டிச் சொன்ன "நோ"வைக் கேட்டு வந்தவர் அம்மா. அன்று தாதி அதையே சொன்னபோது அவருக்கு விளங்காமலா இருந்திருக்கும் என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.