முட்டையில்லாத மெரிங்கும் சம்பந்தி விருந்தும்

கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். நுரை அசையவில்லை. மெரிங் பதத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். வழக்கமாக முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்துச் செய்வது. அன்று கொண்டைக்கடலை வெந்த தண்ணீரைச் சுண்டவைத்து, ஆறவிட்டு அடித்திருந்தேன். இதில் மாம்பழக் கூழும் கெட்டித் தேங்காய்ப்பாலும் கலந்து ஃப்ரீசரில் வைத்தால், மறுநாள் கேக் போல வெட்டிப் பரிமாறலாம்.

சென்னையில் ஒரு ஹோட்டலின் பேஸ்ட்ரி செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, செவிலிமேட்டில் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துவந்தேன். அன்று என்னைத் தன் வீட்டுக்கே வந்து செய்யும்படி கூப்பிட்டவர் வசந்தா. பட்டு நெசவுக் குடும்பம். மகன் செந்தில் காதலித்து மணந்த பத்மா, திருப்பருத்திக்குன்றத்து ஜைன வீட்டுப் பெண். பத்மாவின் பெற்றோர் மறுநாள் மதியம் விருந்துக்கு வருவதாக இருந்தது.

"வருவாங்க, தண்ணி குடிச்சுட்டு எழுந்துடுவாங்கக்கா. கல்யாணம் ஆனதுல இருந்து கை நனைக்கல. நாளைக்கு அசந்து போற மாதிரி செஞ்சு குடுங்க. முட்டை மட்டும் ஆவாது" என்றார் வசந்தா.

நான் கிண்ணத்தை நிமிர்த்தும்போது பத்மா சமையலறைக்குள் வந்தாள். நுரை அடிக்க நான் கொண்டுவந்திருந்த பீட்டர் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இந்த பீட்டர்ல முட்டை அடிச்சிருக்கீங்களா?"

அவளுக்குப் பின்னால் நின்ற வசந்தா, இல்லையென்று சொல்லும்படி எனக்குத் தலையாட்டினார்.

"அடிச்சிருக்கேன்மா. நல்லா கழுவித்தான் கொண்டாந்தேன். ஆனா அடிச்சிருக்கேன்."

"அதான் கழுவியாச்சே, யாருக்குத் தெரியப் போவுது? நுரை எவ்ளோ அழகா நின்னுக்கினு இருக்குது!" என்றார் வசந்தா.

"எனக்குத் தெரியுமே அத்தை. அம்மா கேட்டா நான் என்ன சொல்றது?"

வசந்தா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது.

நுரையைக் கொட்டினோம். கடலைத் தண்ணீர் கொஞ்சம் மீதம் இருந்தது. செந்தில் பாத்திரக் கடைக்கு ஓடி, கையால் அடிக்கும் புது விஸ்க் ஒன்று வாங்கிவந்தான். அந்த வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில், இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு அடிக்கத் தொடங்கினேன். மெஷின் வேகம் கைக்கு வராது. என் தோள் வலித்ததும் பத்மா வாங்கினாள். பிறகு செந்தில். தறியிலிருந்து எழுந்துவந்த வசந்தாவின் கணவர், "என்னாபா இது, கடலைத் தண்ணிக்கா இந்த அடி?" என்று கேட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவரும் அடித்தார். நுரை வந்தது. மெஷினில் வந்த அளவுக்குக் கெட்டியில்லை. இந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அப்படியே மாம்பழக் கூழும் தேங்காய்ப்பாலும் கலந்து, அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன்.

மறுநாள் வெட்டித் தர நானும் போயிருந்தேன். அச்சிலிருந்து எடுத்தபோது ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. விருந்தினர் வந்து உட்கார்ந்ததுமே, "நாங்க சாப்ட்டுதான் வந்தோம்" என்றுவிட்டார்கள். வசந்தாவின் முகம் செத்துவிட்டது. இதையாவது கொடுப்போம் என்று தட்டுகளை எடுத்துப் போனார்.

பத்மாவின் அம்மா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "நுரையா இருக்குதே. முட்டை போட்டாதானே இப்படி வரும்?"

பத்மா வாய் திறப்பதற்குள் வசந்தா பேசிவிட்டார்.

"கொண்டக்கடலைத் தண்ணிதாங்க. ஆனா முதல்ல இந்தம்மா பீட்டர்ல அடிச்சோம். அதுல முட்டை அடிப்பாங்களாம். பரவால்ல, சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். உங்க பொண்ணு விடல. அதைக் கொட்டிட்டு, எங்க பாத்திரத்துல கையாலயே திரும்ப அடிச்சோம்."

நான் கத்தியோடு சமையலறை வாசற்படியில் நின்றேன். பத்மாவின் அம்மா மகளைப் பார்த்தார், பிறகு வசந்தாவைப் பார்த்தார். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். அதைப் பார்த்துத் தயங்கித் தயங்கி அவர் கணவரும் எடுத்தார். தட்டு காலியானதும் அந்த அம்மா சொன்னார்:

"சம்பந்தி, இலை போடுங்க."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முட்டையில்லா ஆர்டர் எடுப்பதென்றால் அதற்குப் பாத்திரமும் பீட்டரும் தனியாக வையுங்கள். இல்லையென்றால் ஆர்டர் வாங்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். அன்று பத்மா கேட்ட பிறகுதான் நான் சொன்னேன். அவள் கேட்காமலே விட்டிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.