லாடம் அடித்த நாள்

எங்கள் சாதியில் அப்போது ஒருவனுடைய சொத்து அவன் மகனுக்குப் போகாது. அவனுடைய சகோதரி மகனுக்குப் போகும். மருமக்கள் வழி என்பார்கள். மாமா செத்தால் அவருடைய மனைவியும் மக்களும் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்க வேண்டும், மருமகன் ஏறுவான். எங்கள் வீட்டில் அந்த மருமகன் நான்.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. எவனுக்குத்தான் பிடிக்கும்? தோவாளைப் பக்கத்து வயல்களுக்கு அவர் ஒரு வண்டி எரு அடித்ததில்லை. "அடிச்சா எவன் திங்க?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்பார். நெல் விற்றதெல்லாம் அத்தையின் கழுத்துக்கும் காதுக்கும் போகும். கழுத்தில் கிடப்பதை மருமகன் வந்து அவிழ்க்க முடியாதல்லவா? நானும் லேசானவன் இல்லை. வரப்பு உடைந்து கிடந்தால் பார்த்துக்கொண்டே நடப்பேன். என்றைக்கோ வரப்போகிற வயலுக்கு இன்றைக்கு ஏன் மண்வெட்டி பிடிக்க வேண்டும்? அந்த வயலில் வேலைக்காரர்களைத் தவிர யாரும் முதுகு வளைக்கவில்லை.

ஊர் முழுக்க இதே கதைதான். அப்பன்மார் மனைவி பேரில் வாங்கினார்கள், மகன் பேரில் எழுதினார்கள், மருமகன்மார் வழக்குப் போட்டார்கள். பழைய வழக்கத்தில் ஆளுக்கொரு பக்கம் ஓட்டை போட்டபிறகுதான் சர்க்கார் விழித்தது. இனிமேல் சொத்து மனைவி மக்களுக்கு என்று சட்டம் வரப்போகிறதென்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் பேச்சு அடிபட்டது. வக்கீல்மார் வீட்டு முற்றங்களில் வண்டிக்கு இடமில்லை.

அந்தச் சமயத்தில் மாமா படுத்துவிட்டார். கால் வீங்கி, மூச்சு இழுத்தது. அத்தையின் நகையெல்லாம் வைத்தியத்துக்குக் கரைந்தது. அத்தைக்கென்று கொடுக்க மிச்சம் இருந்தது ஒரு விளை. தென்னை நட ஏற்ற மேட்டு நிலம். அவர் சொந்தமாக வாங்கியது. உயிரோடு இருக்கும்போதே பத்திரம் எழுதிப் பதிந்தால் அது அத்தைக்கும் இரண்டு பெண்மக்களுக்கும் சேரும். எழுதாமல் செத்தால் எனக்கு.

ஒருநாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலத்தே வண்டியப் பூட்டுலே. பத்திரம் பதிய ரிஜிஸ்டர் கச்சேரிக்குப் போணும்."

"சரி மாமா" என்றேன்.

விடிந்ததும் இரண்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போய் லாடக்காரனிடம் விட்டேன். லாடம் அடிக்க மாட்டைக் கயிறு கட்டிக் கீழே தள்ளுவார்கள். புது ஆணி ஏறினால் இரண்டு நாளாவது வண்டியில் பூட்ட மாட்டோம். அது எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

குளித்து வேட்டி மாற்றி உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, மாடு எங்கலே?"

"லாடம் அடிக்க விட்டிருக்கேன் மாமா. குளம்பு தேஞ்சு போச்சு."

"இன்னைக்குத்தான் தேஞ்சுதா? எனக்கு மூச்சே தேஞ்சு கிடக்கு."

அறுப்புக் காலம். மற்ற வண்டிகள் களத்தில் கிடந்தன. அத்தை கதவைப் பிடித்தபடி நின்றாள். "நாளக் கழிச்சுப் போலாம்" என்றேன். நாளைக் கழித்து அவரால் எழுந்து உட்காரவே முடியவில்லை. நாலாம் நாள் செத்தார்.

சட்டம் அதற்கப்புறம் வந்தது. செத்தவருக்கு அதனால் என்ன? சடங்கெல்லாம் முடிந்து அத்தை பெண்களோடு அஞ்சுகிராமத்தில் பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டாள். படியிறங்கும்போது சொன்னாள்: "சட்டம் வருதுன்னாங்க மக்கா. நீ முந்திக்கிட்டே."

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டு ஆண்பிள்ளைகள். புதுச் சட்டப்படி எல்லாம் இவர்களுக்கு. என் சகோதரி மகன் வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனான். மருமகனாக நின்று பழைய வழியில் தின்றேன், அப்பனாக நின்று புது வழியில் தின்கிறேன். விளையில் தென்னை வைத்தேன். கிணறு வெட்டினேன். உடைந்து கிடந்த அதே வரப்பை நானே மண் அணைத்துக் கட்டினேன். பொறுப்பு வந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். மயிர் பொறுப்பு. சொந்தப் பிள்ளைக்கு என்றதும் கை தானாக மண்வெட்டியைத் தேடியது, அவ்வளவுதான்.

விளையைத் திருப்பி எழுதிக் கொடுத்துவிடலாமா என்று ஒருமுறை மனைவியிடம் கேட்டேன். "பிள்ளைகளுக்குள்ளத எடுத்துக் குடுக்க நீங்க யாரு?" என்றாள். வக்கீலும் சட்டத்தில் சிக்கல் வரும் என்றார். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

முப்பதுகளில் அத்தையின் மூத்த மகளுக்குக் கல்யாணம். பந்திக்கென்று அந்த விளையில் பறித்த நூறு தேங்காய் ஏற்றிக்கொண்டு வண்டியில் போனேன். அத்தை ஒரு காயை எடுத்துக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"நல்ல காய். எந்த விளையில உள்ளது?"

"சந்தையில வாங்கினேன் அத்தை."

அவள் காயை இறக்கி வைத்தாள். பிறகு வண்டியருகே போய் மாட்டின் கழுத்தைத் தடவினாள்.

"இவ்வளவு தூரம் நல்லா நடந்து வந்திருக்கே. லாடம் அடிச்சியா மக்கா?"

பந்தலில் எல்லாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் இலையில் உட்காரவில்லை. காய்களை இறக்கிப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன். விளையைத் திருப்பவில்லை. இன்றைக்கும் அது என் பிள்ளைகள் பேரில்தான் இருக்கிறது.