நிலவறையில் பேட்லாண்ட்ஸ்

இயற்கைப் படங்களுக்கு லாக் எழுதும் வேலையில் உலகம் முழுவதையும் பார்க்கலாம். உங்களைத்தான் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். தனியறையில் தட்டச்சோடு மல்லுக்கட்டும் சகபாவிகளே, உங்களுக்குப் புரியும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு சின்னப் படக் கம்பனியின் நிலவறையில் இருந்தேன். அமெரிக்காவின் பேட்லாண்ட்ஸில், மழை அரித்த வெறும் மண்குன்றுகளுக்கு நடுவே, பீட்டர் என்ற கமராக்காரர் தனியாகக் கூடாரமடித்திருந்தார். அவருடைய டேப்புகள் மூன்று வாரத்துக்கொரு முறை வரும். எந்த நிமிடத்தில் என்ன தெரிகிறது என்று குறித்துவைப்பதுதான் லாக்; அதை எழுதுவது என் வேலை. இன்னும் எதை எடுக்கவேண்டும் என்று பார்க்க, அதன் பிரதி ஒன்று அவருக்கும் போகும்.

நாற்பது நிமிடக் குன்று

முதல் டேப்பில் நாற்பது நிமிடமும் ஒரே குன்று. சாம்பல், மஞ்சள், சிவப்பு என்று அடுக்கடுக்காகக் கோடுகள். நானும் "குன்று, குன்று" என்றே எழுதிவந்தேன். முப்பத்தோராவது நிமிடத்தில் ஒரு சிவப்புக் கோட்டின் மேல் காட்டுச் செம்மறி ஒன்று தலையை அசைத்தது. "இப்போதுதான் வந்தது" என்று எழுதினேன். மேல்மாடியில் படத்தொகுப்புச் செய்யும் சாரதா அக்கா மலேசியாக்காரர். டேப்பை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மொதல் நிமிசத்துலேர்ந்து அங்கதான் நிக்குது தம்பி. நீங்கதான் பாக்கல."

ஆந்தையின் முழங்கால்

பிறகு வேறு சத்தம் சேர்ப்பார்கள், ஆகவே சத்தத்தை நிறுத்திவிட்டு வேகமாகப் பார் என்பது உத்தரவு. என்னால் முடியவில்லை. விலங்குகளுக்காகக் காத்திருக்கும்போது பீட்டர் முணுமுணுப்பார்: இன்றைக்கும் சூப்தான், முழங்கால் வலிக்கிறது, வளையிலிருக்கும் குட்டி ஆந்தைக்குக் காலை வணக்கம். ரெய்னர்ஸ் லேனில் என் வாடகை அறையில் வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைவரை ஒரு மனிதக் குரல் கேட்காது. ஆகவே ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒருநாள் கை சும்மா இருக்காமல் எழுதினேன்: "பதினேழாவது நிமிடம்: ஆந்தை. முழங்கால் எப்படி?" சாரதா அக்கா தாளோடு இறங்கி வந்தார்.

"ஆந்தைக்கு முழங்கால்ல என்னா?"

பதில்

அடுத்து வந்த டேப் பெட்டியில் ஒரு காட்டெருமைக் கூட்டம் வந்தது. அது குன்றைத் தாண்டிப் போனதும் பீட்டரின் குரல். நான் நாலு தரம் திருப்பிப் போட்டுக் கேட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. "நேற்றைய புட்டு" என்று லாக்கில் எழுதினேன். அவர் கேட்டிருந்தது இதுதான்:

"முழங்கால் பரவாயில்லை. எனக்கு இன்றைக்கும் சூப். நீ என்ன சாப்பிட்டாய்?"

படிக்கட்டு

கோடை முழுக்க இப்படியே பேசினோம். இலையுதிர்காலத்தில் படப்பிடிப்பு முடிந்து பீட்டர் அலுவலகத்துக்கு வந்தார். படிக்கட்டில் அந்தக் குரல் என்னிடமே கேட்டது: "லாக் எழுதுகிறவர் எங்கே?" மாதக்கணக்காகக் காத்திருந்தவனுக்கு நேரில் "நான்தான்" என்று சொல்ல வாய் வரவில்லை. "சாப்பிடப் போய்விட்டார்" என்று சொல்லிவிட்டு, பீட்டர் பார்த்திருக்க லாக் எழுதும் அறைக்குள்ளேயே நுழைந்து கதவைச் சாத்தினேன். என் புத்தி அவ்வளவுதான். வெளியே யாரோ படியில் உட்காரும் சத்தம் கேட்டது.

"அவசரமில்லை, அவரை ஆறுதலாகச் சாப்பிடச் சொல். எனக்குக் காத்திருந்து பழக்கம்."

அந்தச் செம்மறி தலையசைக்க முப்பத்தொரு நிமிடம் எடுத்தது. நான் கதவைத் திறக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தேன்.