சவுசிகுவின் நாக்கு

இலையின் முகத்தைச் சவுசிகு பார்ப்பதே இல்லை. யார் எந்தக் கன்றின் இலையை நீட்டினாலும் வெடுக்கென்று திருப்பி, முதுகைத்தான் பார்ப்பாள். “முன்பக்கம் எல்லாரும்தான் பளபளன்னு இருப்பாங்க. குடியிருக்கிறவன் பின்கட்டுல இருப்பான்” என்பாள்.

முஹேசா சந்தைக்குப் போகும் சாலையோரம், பலாமரத்தடியில் அவளுடைய நாற்றங்கால். கன்று வாங்க வருகிறவர்களைவிட, வாடிய இலையைத் துணி முனையில் முடிந்துகொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். இலையில் வெள்ளிக்கோடு நெளிந்து ஓடினால், தோலுக்குள் புழு குடைகிறது என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவாள். போன வாரம் ஒரு பெரியவர் தன் ஆரஞ்சுக் கன்றின் கிளையோடு வந்தார். இலையில் இருப்பது பறவை எச்சம் என்றார். சவுசிகு ஈர்க்குச்சியால் ஒரு தட்டுத் தட்டினாள். எச்சம் புழுவாக நெளிந்து, சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டியது. “பாத்தீங்களா மாமா, உங்க மரத்தைத் தின்னு கொழுத்த எச்சம்!” பெரியவர் இரண்டடி பின்னால் போனார்.

இலை பிசுபிசுத்தால், மருந்து அடித்தீர்களா என்று முதலில் கேட்பாள். இல்லை என்றால் நாக்கு நுனியில் வைப்பாள். இனித்தால் அசுவினிப் பூச்சி. “இவ வாயில போகாதது வீட்டுச் சோறு மட்டுந்தான்” என்று கணவர் மக்காமே அலுத்துக்கொள்வார். மத்தியானச் சாப்பாட்டை அவள் மறந்துபோவது உண்மைதான்.

‘தெரியலை’ என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை அந்தச் சொல் வாய்வரை வந்துவிட்டது.

பக்கத்துத் தெரு டூனு, ஒரு கையில் பூச்சிமருந்துப் புட்டியும் இடுப்பில் ஆறு மாத மகனுமாக வந்து நின்றாள். அவள் வீட்டு மாங்கன்று சவுசிகு கொடுத்ததுதான். மகனின் தொப்புள்கொடியைப் புதைத்து அதன்மேல் நட்டது. இப்போது இலை நுனியெல்லாம் தீய்ந்து வருகிறது.

“அது கருக ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் அக்கா இவனுக்கும் காய்ச்சல். மரம் போயிடுச்சுன்னா இவனும்...” டூனு புட்டியைச் சவுசிகுவின் முன்னால் நீட்டினாள்.

சவுசிகு உடனே எழுந்து அவளோடு அவள் வீட்டுக்குப் போனாள். ஒவ்வொரு இலையாகத் திருப்பினாள். பூச்சி இல்லை, முட்டை இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். ‘தெரியலை’ என்று சொல்ல வாயெடுத்தாள். அப்புறம்தான் கீழே பார்த்தாள். கன்றடி மண்ணில் வெள்ளை பூத்திருந்தது. ஒரு சிட்டிகை கிள்ளி நாக்கில் வைத்து, உடனே துப்பினாள்.

“உப்பு! ஏண்டி, கன்னுக்கு என்னத்த ஊத்துற?”

“இவன் குளிச்ச தண்ணிதான். இவன் மரத்துக்கு வேற யாரு தண்ணிய ஊத்துவாங்க?”

“அதுல எதுக்கு உப்பு?”

“வேர்க்குரு அக்கா. தினமும் ஒரு பிடி போட்டுத்தான் குளிப்பாட்டுறேன்.”

சவுசிகு பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்; சூடு விட்டிருந்தது. மருந்துப் புட்டியை வாங்கி வேலியோரம் வைத்தாள். “இதுக்கு வேலையே இல்ல. உப்புத்தண்ணியத் தென்னைக்கு ஊத்து, அது குடிச்சுக்கும். இதுக்கு நல்ல தண்ணியா நாலு வாளி ஊத்தி உப்பைக் கழுவு. பத்துப் பதினஞ்சு நாள்ல துளிர் விடும். பையனுக்கும் ஒண்ணும் ஆகாது.”

டூனு நகரவில்லை. “இவன் தண்ணி படலைன்னா இவனுக்கும் மரத்துக்கும் உறவு அத்துப்போயிடுமே அக்கா.”

சவுசிகு கிணற்றிலிருந்து ஒரு வாளி நீர் இறைத்து வந்தாள். பையனை வாங்கி, இரண்டு கால்களையும் வாளிக்குள் இறக்கினாள். அவன் சிரித்து உதைத்து அவள் முகமெல்லாம் நனைத்தான். நன்றாக உதைக்கவிட்டு, அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு அந்த நீரில் விரல் நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, வாளியை டூனுவின் பக்கம் நகர்த்தினாள்.