மெல்தெமுக்கு யாரும் வழிவிட வேண்டாம்

மற்ற நாட்களில் மெல்தெமைப் பார்க்கிறவர்கள் அவளைக் கோபக்காரி என்று சொல்லமாட்டார்கள். அங்காராவின் கிஸிலாய் கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தீட்டுகிறவள். சோரும் என்ற ஊரிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்த பிறகும் அங்காராவை விட்டுப் போகவில்லை. ஹாரி பாட்டர் கதையின் துடைப்ப ஆட்டத்திலிருந்து பிறந்த குவாட்பால்தான் காரணம் என்று அப்பாவிடம் சொன்னதில்லை. ஆட்டத்தில் காறை எலும்பு உடைந்தபோதுகூடப் பனியில் வழுக்கிவிட்டது என்றுதான் சொன்னாள். அவர் இன்றைக்கும் போனில், ஜூலை மாதத்திலும், "அங்க பனி மோசம்மா, பாத்து நட" என்பார்.

அணிக்குப் புதியவர்கள் வரும் அக்டோபர் சனிக்கிழமையில்தான் அவளுக்குக் கோபம் வரும். ஏழு வருடமாக வருகிறது.

இந்த முறை பல்கலைக்கழகப் புல்வெளிக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். துடைப்பத்துக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"சிரிக்கிறத இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க," என்றாள் மெல்தெம். "இந்தக் குழாய விட்டா நீங்க ஆட்டத்துல இல்ல. இந்த வாலிபால் பந்த அந்த மூணு வளையத்துல எதுக்குள்ள போட்டாலும் பத்து புள்ளி. ஆணும் பொண்ணும் சேர்ந்துதான் ஆட்டம், ஆணோ பொண்ணோ, ஒரே பாலுல நாலு பேருக்கு மேல களத்துல நிக்கக்கூடாது. பந்து வச்சிருக்கிறவங்கள ஒரு கையால பிடிச்சுக் கீழ தள்ளலாம். முன்னாலேர்ந்து. கழுத்துக்குக் கீழ, முட்டிக்கு மேல. யாரா இருந்தாலும்."

"யாரா இருந்தாலுமா அக்கா?" என்று கேட்டான் ஹாலித். யோஸ்காட்டிலிருந்து வந்த முதலாண்டு மாணவன். பீரோவை நிமிர்த்தி வைத்தது போலிருந்தான்.

"யாரா இருந்தாலும்."

தலை ஆட்டினான். ஆனால் இரு பக்கமாகப் பிரிந்து ஆடத் தொடங்கி, அவள் பந்தோடு எதிர்ப்பக்கத்திலிருந்த அவனை நோக்கி ஓடியதும் மினிபஸ்ஸில் இடம் கொடுப்பவன் போல ஒதுங்கினான். "போங்கக்கா." பந்து வளையத்துக்குள் போனது. இரண்டாம் முறையும் அதேதான்.

"டேய், என்ன பண்ற?"

"உங்க மேல கை வச்சேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்ன வீட்டுக்குள்ள விடமாட்டாங்க அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். விசில் ஊதிக்கொண்டிருந்த அணித்தலைவன் ஓர்குன் டீக் கோப்பையோடு அவளை ஓரமாக அழைத்தான். "விடு மெல்தெம். ஒதுங்குறான்னா ஒதுங்கட்டும். அடுத்த வாரம் எஸ்கிஷெஹிர்ல ஆடப்போற எதிரணிலயும் பாதிப் பசங்க புதுசு. உன்கிட்ட பந்தக் குடுத்தா அவனுங்களும் ஒதுங்குவானுங்க. அதனாலதான உன்ன முதல் வரிசைல போட்டிருக்கேன்?"

மெல்தெமுக்குக் காது சுட்டது. "அப்ப போன வருஷம் நான் போட்டதெல்லாம்?"

"போட்டது போட்டதுதான். யாரு கேக்கப்போறா?"

அவள்தான் கேட்பாள். குளிரில் மூச்சு வெண்புகையாக வர, கடை திறக்குமுன் இந்தப் புல்லில் ஓடியவை அவள் கால்கள். அதையெல்லாம் பையன்களின் கூச்சத்தின் கணக்கில் எழுதிவிட்டு இவன் டீயை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்! எண்ணிக்கை சரிக்கட்ட ஒரு பெண், எதிராளிக்குக் கூச்சம் வரவைக்க ஒரு பெண். இதற்காகவா எலும்பை உடைத்துக்கொண்டாள்?

"நல்லாக் கேட்டுக்கோ. யாரும் வழிவிடாம இன்னிக்கு நான் ஒரு கோலாவது போடணும். இல்லன்னா நான் எஸ்கிஷெஹிருக்கு பஸ் ஏறமாட்டேன்."

ஹாலித்திடம் திரும்பினாள். "உங்க வீட்ல யாராவது மல்யுத்தம் பண்ணுவாங்களா?"

"எங்க மாமா பண்ணுவாரு."

"எதிராளி ஒதுங்கி நின்னு, 'வாங்கண்ணே, ஜெயிச்சுக்கோங்க'ன்னா அவருக்கு எப்படி இருக்கும்?"

"செருப்பக் கழட்டுவாரு."

"நானும் இப்ப அத நோக்கித்தான் குனிஞ்சுகிட்டிருக்கேன்."

மறுபடி பந்து. மறுபடி ஓட்டம். ஹாலித் இந்த முறை ஒதுங்கவில்லை. மூன்றடி தூரத்தில் நின்று, குழாயைத் தொடையில் இடுக்கிக்கொண்டு, வலது கையை நெஞ்சில் வைத்தான்.

"தப்பு ஏதும் நடந்தா பொறுத்து, ஹலாலாக்கிடுங்க அக்கா."

பட்டாளத்துக்குப் போகிறவனும் அறுவை சிகிச்சைக்குப் போகிறவனும் முன்கூட்டியே கேட்கும் மன்னிப்பு அது. கேட்டால் 'ஹலால்' என்று மன்னித்துப் பதில் சொல்லாமல் இருக்க அங்கே யாராலும் முடியாது. "ஹலால்டா..." என்று மெல்தெமின் வாய் தானாகத் திறந்தது. அது மூடுவதற்குள் அவன் கை இடுப்பைச் சுற்றி வளைத்தது. வானம் ஒருமுறை சுழன்று, முகம் புல்லில் மோதியது. பந்தைப் பறித்த ஹாலித் எதிர்முனைக்கு ஓடி வளையத்துக்குள் போட்டான்.

விசில் அலறியது. "ஃபவுல்! கோல் கிடையாது!" என்றான் ஓர்குன். புதிதாக வந்திருந்த ருமெய்சா, முக்காட்டை இறுக்கிக்கொண்டு காயம் துடைக்கக் கொலோன் பாட்டிலோடு ஓடிவந்தாள். ஹாலித் முகம் வெளிறி நின்றான்.

மெல்தெம் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"எது ஃபவுல்?"

"ரத்தம் வருது, பாரு."

"ரத்தம் வந்தா ஃபவுலா? ஒரு கை. முன்னாலேர்ந்து. இடுப்புல. உன்ன இப்படித் தள்ளியிருந்தா ஊதியிருப்பியா?"

ஓர்குன் விசில் கயிற்றை விரலில் சுற்றினான்.

"ஒரு கைதான் அண்ணா, நானும் பாத்தேன்," என்றாள் ருமெய்சா.

"நீ வந்தே ஒரு மணிநேரம் ஆகல," என்றான் ஓர்குன்.

"ஒரு கைய எண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து அவனுக்கு," என்றாள் மெல்தெம். தன் அணிக்கு எதிராக இப்படி அவள் கத்துவதைக் கேட்டுப் புதியவர்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஓர்குன் வேறு வழியில்லாமல் கையை உயர்த்தினான்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. ருமெய்சா பந்தை எறிந்தாள், மெல்தெம் பிடித்து ஓடினாள். ஹாலித் வந்தான். நெஞ்சில் கை வைக்கவில்லை, எதையும் கேட்கவில்லை. தோளோடு தோள் மோதியது. குழாய் நழுவப் பார்த்தது. முட்டிகளை இறுக்கினாள். அவன் கை சட்டையைப் பிடித்து இழுக்க, பாதி விழுந்தபடியே இடதுகையால் எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு, யோசித்து, உள்ளே விழுந்தது.

"அக்கா," என்றான் ஹாலித், புல்லில் கிடந்தபடி. "சத்தியமா இத நான் விடல."

"தெரியும்டா. சட்ட கிழிஞ்சிருக்கே."

ஓர்குன் மெதுவாக வந்தான். "அப்ப எஸ்கிஷெஹிர்?"

"வர்றேன். ஆனா ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி அந்தப் பசங்கள நிக்கவச்சு நான் ரெண்டு வார்த்த பேசணும்."

"ஒதுங்காதீங்கன்னா சொல்லப்போற? தோத்துருவோம் மெல்தெம்!"

"அப்ப தோப்போம்," என்று சொல்லிவிட்டு அவள் குழாயை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள்.